மூச்சுக்கு அடியில் ஒரு குரல்

வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசல் குழாயடியில் குனிந்து இரண்டு காதுகளையும் கழுவிக்கொள்வது அவளுடைய வழக்கம். முகம் கழுவும்போது கூடவே நனைத்துக்கொள்வது போல அல்ல. விரலை விட்டு, மடல் மடலாகத் தேய்த்து, ஈரம் போக ஒற்றி எடுத்த பிறகுதான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பாள். மழை கொட்டினாலும் சரி, குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தாலும் சரி, அது நடந்தாக வேண்டும். மலையைக் குடைந்து கல் எடுக்கும் அந்த ஊரில் எல்லாருக்கும் தலையிலும் தோளிலும் வெள்ளைத் தூசி படிந்திருக்க, தூசியே படாத வேலை பார்க்கும் ஒருத்தி இப்படிக் காதைக் கழுவுவதைக் கண்டு தெரு சிரித்தது. 'காதுக்காரி' என்று பெயரும் வைத்தது.

"என்ன அண்ணி, இன்னிக்கு எத்தனை பேர் கதை உள்ள போச்சு? தண்ணி கறுப்பா ஓடுதே!" என்று எதிரே பஞ்சர் கடையிலிருந்து கத்துவான் அவள் கொழுந்தன். லாரி டயர்களுக்கு ஒட்டுப்போடுகிறவன். அவனுக்கும் தெரு 'பஞ்சர்' என்றே பெயர் வைத்திருந்தது.

"உன் கதை ஒண்ணுதான் பாக்கி தம்பி. அதுக்கு இந்தக் குழாய் பத்தாது," என்பாள் அவள்.

அவளுடைய வேலை நகரத்துப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில். பழைய ஒலிநாடாக்களைத் துடைத்து, அறுந்ததை ஒட்டி, ஓடவிட்டுக் கணினியில் ஏற்றுவாள். சில பெட்டிகளின் மேல் சிவப்பு நூல் கட்டியிருக்கும். உள்ளே பேசியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், அவர் கண்ணை மூடும் வரையோ, அவரே வந்து சம்மதம் சொல்லும் வரையோ அந்தப் பேச்சை யாரும் கேட்கவோ படியெடுக்கவோ கூடாது என்பது அதன் பொருள். நாடா கெட்டுப்போயிருக்கிறதா என்று சோதிப்பவர் மட்டும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கலாம். அந்த ஒருவர் இவள்தான். கேட்டதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது காப்பகத்தின் விதி. காதைக் கழுவுவது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு நுரையீரல் மருத்துவர், கல்தூசி நெஞ்சை எப்படி அரிக்கிறது என்று ஆராய, குவாரித் தொழிலாளர்களின் மூச்சை ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்தார். மூச்சைப் பதிந்த கையோடு அவர்கள் வாழ்க்கையையும் பேசச் சொன்னார். "மூச்சு இப்பவே படிப்புக்குப் போகும். பேச்சு நீங்க போன பிறகுதான் வெளிய வரும்," என்று ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்தார். மருத்துவர் காலமாகிவிட்டார், வாக்கு காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த நாடாக்களில் ஒன்றைச் சோதித்தபோதுதான், பெயரில்லாத பெட்டிக்குள்ளிருந்து தன் மாமனாரின் குரலைக் கேட்டாள் அவள்.

மாமனார் அந்தக் காலத்தில் குவாரியின் வெடிமருந்துக் கொட்டகைக்குக் காவல்காரர். பெரிய வேலைநிறுத்தம் நடந்த ஆண்டில், கொட்டகை வெடித்து, தொழிலாளர் தலைவர் ஒருவர் உள்ளேயே கருகிப்போனார். அவர் கொடி பிடித்து முன்னால் நடப்பவர் என்பதால் கொடிக்காரர் என்பார்கள். மருந்து திருட உள்ளே நுழைந்து தீக்குச்சி உரசினார், செத்தார் என்று நிர்வாகம் எழுதி முடித்தது. கொடி பிடித்தவர் மருந்துத் திருடர் ஆனார். அவர் மகன் திருடன் மகன் ஆனான். பாறையில் துளை போடும் வேலையில் சேர்ந்த அவனுக்கு மீசை நரைக்கத் தொடங்கியும், மற்றத் துளைக்காரர்களைப் போல வெடி வைக்கும் வேலைக்கு உயர்வு கிடைக்கவில்லை. அவன் கையில் யார் மருந்தைக் கொடுப்பார்கள்?

அந்தத் துளைக்காரனைத்தான் அவள் மாமனார் தினமும் காலையில் வாசலில் நின்று, "சாப்பிட்டியாடா தம்பி?" என்று கேட்பார். பாதி சொல், பாதி இழுப்பு. அவனும், "ஆச்சு பெரியப்பா," என்று சொல்லிவிட்டு மலையேறுவான். உள்ளே தட்டுக் கழுவிக்கொண்டிருப்பவள், அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் கழுவிய தட்டையே மறுபடி கழுவுவாள்.

ஒருநாள் கிழவர் திடீரென்று கேட்டார். "உங்க ஆபீசுல பழைய நாடாவெல்லாம் கெட்டுப் போகாதாம்மா?"

"நாங்க பாத்துக்கறோம் மாமா."

"ரொம்பப் பத்திரமா?"

"ரொம்பப் பத்திரமா."

கிழவர் தலையை ஆட்டினார். அது நிம்மதியா, ஏமாற்றமா என்று அவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

*

மருத்துவரின் ஆராய்ச்சியை நினைவுகூர்ந்து பல்கலைக்கழகம் ஒரு கண்காட்சி வைத்தது. நெஞ்சுப் படங்கள் ஒரு பக்கம், மூச்சுச் சத்தங்கள் ஒரு பக்கம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தூசி தின்ற நுரையீரல் எப்படிச் சீறுகிறது என்று வருகிறவர்கள் கேட்கலாம்.

"மூச்சு மட்டும்தான் போடறோம்," என்றார் காப்பகத் தலைவி. "பேச்சு ஒரு சொல்லும் வரக் கூடாது. மூச்சுல பேரா எழுதியிருக்கு?"

"இந்த ஒரு நாடா மட்டும் வேண்டாமே மேடம்."

"ஏன்? டாக்டரோட புத்தகத்துல முதல் படமே இந்த நெஞ்சுதான். இதை விட்டுட்டு என்ன கண்காட்சி?"

ஏன் என்று சொன்னாலே வாக்கு உடைந்துவிடும். அவள் வாயை மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். மூச்சு முடிந்து பேச்சு தொடங்கும் இடம் அவளுக்கு மனப்பாடம். கிழவர் அங்கே முதல் சொல்லையே கத்துவார். அதற்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டினாள். மூச்சு மெலிதாக இருந்ததால் சத்தத்தைக் கூட்டினாள். பிழை அங்கேதான் நேர்ந்தது.

ஒரு நரி சேவலை விழுங்கும் அவசரத்தில் அதன் கூவலையும் சேர்த்து விழுங்கிவிட்டதாக ஒரு கதை உண்டு. இறகு, எலும்பு எல்லாம் செரித்துவிட்டது. கூவல் மட்டும் செரிக்கவில்லை. விடிந்தால் வயிற்றுக்குள்ளிருந்து கூவும். வாயை இறுக்கி மூடினால் காது வழியாகக் கூவும். நாடாவும் அந்த நரியைப் போலத்தான். இறுகச் சுற்றிப் பல ஆண்டுகள் கிடந்தால், உரக்கப் பேசிய இடம் அதை ஒட்டிப் படுத்திருக்கும் அடுத்த சுற்றிலும் மெல்லப் பதிந்துவிடும். கிழவரின் கத்தல், அதற்கு முந்தைய மூச்சின் அடியில் ஆவி போலப் படிந்திருந்தது. சத்தத்தைக் கூட்டியபோது மூச்சோடு அதுவும் எழுந்து வந்தது.

காதுக்காரிக்கு அது கேட்காமல் இல்லை. கேட்டது. ஆனால் அந்த வாக்கியம் எத்தனையோ ஆண்டுகளாக அவள் தலைக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று. சோறு வடிக்கும்போது கேட்கும், பேருந்தில் கேட்கும். இப்போது கேட்டதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டாள். நாடாவில் இருப்பது எது, தன் நெஞ்சில் இருப்பது எது என்று அவளுக்குப் பிரித்தறியத் தெரியாமல் போயிற்று.

திறப்பு நாளில் குவாரி ஆட்களை லாரியில் ஏற்றிக் கூட்டி வந்தார்கள். துளைக்காரனும் வந்தான். படங்களைப் பார்த்துக் கேலி பேசிக்கொண்டே வந்தவன், அந்த மூச்சிடம் நின்றான். ஹெட்போனை மாட்டினான். புன்னகைத்தான், தெரிந்த மூச்சுதானே! பிறகு அந்தப் புன்னகை அப்படியே உறைந்தது. திரும்ப ஓடவிட்டான். மறுபடியும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மறுபடியும்.

"தாழ் போட்டது நாந்தான்யா!"

தினமும் காலையில் சாப்பிட்டாயா என்று கேட்கும் குரலை அவனுக்குத் தெரியாதா? எந்தத் தாழ் என்று அவனுக்குப் புரியாதா?

ஹெட்போனைக் கம்பியோடு பிய்த்தெடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் அடித்தான். கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. நாற்காலியைத் தூக்கி நெஞ்சுப் படங்களின் மேல் வீசினான். பிடிக்க ஓடிவந்த காவலாளியின் மூக்கில் தலையால் முட்டினான். அவர் இரத்தம் ஒழுகச் சுவரோடு சரிந்தார். மண்டபம் அலறிக்கொண்டு விலகியது. போகிற போக்கில் அவளைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியும் இல்ல அண்ணி?"

அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததே அவனுக்குப் போதுமாக இருந்தது.

*

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீடு வந்து சேர்ந்தபோது, வீட்டில் மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. லாரி ஓட்டும் கணவன் அன்றைக்கு விடுப்பில் இருந்தான். கிழவர் சுவரில் சாய்ந்து, பருக்கை பருக்கையாக மென்றுகொண்டிருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. துளைக்காரன் கடப்பாரையோடு நின்றான்.

"பெரியப்பா, சாப்பிடறீங்களா?"

"வாடா தம்பி," என்றார் கிழவர். "உக்காரு. ஒரு வாய் சாப்பிடு."

"உக்கார வரல. எங்கப்பா உள்ள இருந்தப்ப, கொட்டகைக்குத் தாழ் போட்டது யாரு?"

கிழவரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

கணவன் எழுந்தான். "டேய், என்ன பேச்சு இது? மொதல்ல கம்பியக் கீழ போடு."

"நீ நகரு அண்ணே. உன் மேல எனக்கு ஒண்ணுமில்ல. பெரியப்பா சொல்லட்டும். இத்தனை வருஷமா என்னைப் பாத்து சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு கேட்டீங்களே... எங்கப்பனை உள்ள வெச்சுப் பூட்டிட்டு அன்னிக்கு நீங்க சாப்பிட்டீங்களா?"

"அவன விடு," என்றார் கிழவர் மகனிடம். "நான்... சொல்றேன்..." அதற்குமேல் இழுப்பு வந்துவிட்டது. கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, சொல்லை வெளியே தள்ளப் பார்த்தார், சீழ்க்கைதான் வந்தது.

"இருமி ஏமாத்தாதீங்க பெரியப்பா!"

கடப்பாரை உயர்ந்தது. கணவன் குறுக்கே கையைக் கொடுத்தான். காய்ந்த விறகு முறிவது போல ஒரு சத்தம். முன்கை, மூட்டே இல்லாத இடத்தில் மடங்கித் தொங்க, அவன் கத்தக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். துளைக்காரனும் அதைப் பார்த்தான். "நகருன்னு சொன்னேனே அண்ணே," என்றான், அழுகிற குரலில். ஆனாலும் கடப்பாரையை மறுபடி ஓங்கினான்.

எதிர்க்கடையிலிருந்து பாய்ந்து வந்த பஞ்சர், டயர் நெம்பும் இரும்புப் பட்டையால் பின்னாலிருந்து அவன் காதோடு சேர்த்து அறைந்தான். துளைக்காரன் தட்டின் மேலேயே விழுந்தான். சோறும் இரத்தமும் ஒன்றாகின. விழுந்தவனை விடவில்லை பஞ்சர். விலாவில் உதைத்தான். முதுகில் அடித்தான்.

"எங்கப்பா காவல்காரருடா! திருடன் உள்ள போனா தாழ் போடாம, மாலை போட்டா வரவேற்பாரு?"

"தம்பி, செத்துடுவான்! விடு!" காதுக்காரி ஓடிவந்து விழுந்தவன் மேல் கவிழ்ந்தாள். அடுத்து இறங்கிய இரும்பு அவள் வலது தோளில் இறங்கியது.

தெரு முழுவதும் வாசலில் திரண்டிருந்தது. பஞ்சர் சொன்ன சொல் அத்தனை காதுகளிலும் விழுந்தது. பொழுது சாய்வதற்குள் அதுவே தெருவின் தீர்ப்பாயிற்று. "பாவம் கிழவர், அவர் வேலையத்தான பாத்தாரு! திருடனப் பூட்டறது ஒரு குத்தமா?" கண்காட்சியில் கசிந்த அந்த ஒற்றை வாக்கியம், கொடிக்காரரை முன்னைவிட உறுதியான திருடராக்கிவிட்டது. மிச்சப் பேச்சு முழுவதும் சிவப்பு நூலுக்குள் கிடந்தது. அதைக் கேட்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

துளைக்காரன் பிழைத்தான், ஒரு காது செத்துவிட்டது. கணவன் கைக்குக் கட்டு, அவள் தோளுக்குக் கட்டு. போலீசு வந்து கேட்டபோது இரண்டு பக்கமும் கல் சரிந்து விழுந்ததாகச் சொல்லிவிட்டன. ஆனால் துளைக்காரனின் சொந்தக்காரர்கள் வீட்டுக் கூரையில் கல்லெறிந்தார்கள். பஞ்சர் கடையின் டயர்களுக்குத் தீ வைத்தார்கள். பஞ்சர் பதிலுக்குத் துளைக்காரன் வீட்டுக் கதவைப் பெயர்த்தெறிந்துவிட்டு வந்தான்.

படுக்கையில் கிடந்த கிழவர் மருமகளின் கையைப் பற்றினார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நெஞ்சு ஏறி இறங்கியது.

"நாடா... எடுத்து... அவன்கிட்ட... குடு."

அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவள் கேட்டிருக்கிறாள் என்று.

"சரி மாமா. நாளைக்கே மேடத்தைக் கூட்டிட்டு வரேன். நீங்க சம்மதம்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

கதவோரம் நின்ற பஞ்சர் கேட்டான். "அதுல வேற என்ன இருக்கு அண்ணி?"

"அத நான் சொல்லக் கூடாது தம்பி."

"எங்கப்பாவக் கொலைகாரன்னு ஊரு சொல்ற மாதிரி எதுனா இருக்கா?"

அவள் கிழவரின் போர்வையைச் சரிசெய்தாள்.

"நீ இந்த வீட்டு மருமகளா, இல்ல அந்த ஆபீசு மருமகளா?" 'நீங்க' என்ற மரியாதை அன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் வாயிலிருந்து உதிர்ந்துபோனது.

"ரெண்டு எடத்துலயும் வாக்குக் குடுத்திருக்கேன்," என்றாள்.

*

மறுநாள் அவள் காப்பகத்தில் தலைவியிடம் அந்தக் குரல் யாருடையது என்பதையும், கிழவர் சம்மதிப்பதையும் சொன்னாள். தலைவி சாவிக்கொத்தை எடுத்தார். பிறகு, "நானே வந்து அவர் வாயால கேட்டுக்கறேன். நாடா ஓட்டற மெஷினையும் எடுத்துக்குவோம்," என்று எழுந்தார். சிவப்பு நூல் கட்டிய பெட்டி மேசைக்கு வந்தது. படியெடுக்கக் கூடாத நாடா என்பதால், உலகத்தில் அந்தப் பேச்சுக்கு வேறு பிரதி இல்லை.

அந்த நேரத்தில்தான் கண்ணாடிக் கதவு உடைந்தது. பின்னாலேயே வந்திருக்கிறான் பஞ்சர். தடுத்த ஊழியரை இரும்புப் பட்டையால் முழங்காலில் அடித்து வீழ்த்தினான். குறுக்கே வந்த தலைவியைப் பிடித்துத் தள்ளியதில் அலமாரி முனையில் நெற்றி கிழிந்தது. காதுக்காரி பெட்டியை இடக்கையால் மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் அவளுடைய கட்டுப் போட்ட தோளைப் பிடித்து அழுத்தினான். கண் இருண்டு, பிடி தளர்ந்தது.

"தம்பி, அது உங்கப்பா மூச்சுடா!"

"அதனாலதான்!"

சுருளைத் தரையில் அறைந்தான். நாடாவைக் குடலை உருவுவது போல உருவினான். கை கையாக உருவி, கசக்கி, பூட்சுக் காலால் மிதித்தான். அலமாரியை இழுத்துச் சாய்த்தான். பெட்டிகள் அருவி போலக் கொட்டின. யார் யாருடைய வாழ்க்கைகளோ தரையெங்கும் சுருண்டு பளபளத்தன.

அவற்றுக்கு நடுவே, கணவனின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு கிழவர் வந்து நின்றார். இளையவன் கோபத்தோடு நகரத்துக்குக் கிளம்பியதைக் கேட்டுப் படுக்கையிலிருந்து எழுந்து வந்திருக்கிறார். காப்பகம் இருந்த நிலவறைக்கு அத்தனை படிகளை எப்படி இறங்கினார் என்பது அவருக்கே வெளிச்சம். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"வேண்டாம்டா," என்றார்.

பஞ்சர் மிதிப்பதை நிறுத்தவில்லை. கிழவர் முழங்காலிட்டார். நாடாவின் மேல் தவழ்ந்து, மகனின் பூட்சை இரண்டு கைகளாலும் பிடித்தார். மிதித்த வேகத்தில் அந்தக் காலே அவர் விலாவில் பட்டது. அப்போதும் விடவில்லை. கைக்கு எட்டிய நாடாவையெல்லாம் வாரி மார்புக்கு அடியில் சேர்த்துக்கொண்டு, அதன் மேலேயே கவிழ்ந்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தது. மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை.

பஞ்சர் காலைத் தூக்கியபடியே நின்றான். எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல.

*

பஞ்சர் சில மாதம் சிறையில் இருந்தான். தலைவி புகாரைத் திரும்பப் பெறவில்லை. பெறச் சொல்லி அவளும் கேட்கவில்லை. ஜாமீனில் வந்தவன் வீட்டுக்குப் போகாமல் நேராகக் காப்பகத்துக்கு வந்து, புதுக் கண்ணாடி போட்ட கதவுக்கு வெளியே நின்றான்.

"அந்த நாடாவ என்ன பண்ணீங்க அண்ணி?"

"பெட்டியில கெடக்கு."

"சரி பண்ண முடியாதா?"

அவள் வலக்கையைத் தூக்கிக் காட்டினாள். மார்புக்கு மேல் அது எழவில்லை. "பண்ற கை இது."

அவன் தரையைப் பார்த்தான். "எனக்குக் கை இருக்கு. டியூபுல ஊசி ஓட்டையத் தடவியே கண்டுபிடிக்கற கை. எப்படின்னு சொன்னீங்கன்னா..."

காவலாளி முறைத்தார். அவர் மூக்கில் விழுந்த தையலின் தழும்பு இன்னும் மறையவில்லை. தலைவி, "அவ பக்கத்துல இருந்தா மட்டும்," என்றார்.

அன்றிலிருந்து மேசைக்கு ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் அவளுமாக உட்கார்ந்தார்கள். சிக்கலை இழுக்கக் கூடாது, தளர்த்த வேண்டும் என்றாள். மடிப்பை நகத்தால் நீவக் கூடாது, பஞ்சால் ஒற்ற வேண்டும் என்றாள். முதலில் அவன் அவசரப்பட்டு இழுத்தான். பிறகு பழகியது. சிமெண்டுத் தரை சிராய்த்த இடங்களில் நாடா வெளுத்திருந்தது. ஓரிடத்தில் பூட்சின் அச்சு வரிவரியாக அப்படியே பதிந்து, மேல்பூச்சு உதிர்ந்து, பின்னாலிருப்பவர் முகம் தெரிந்தது.

"இங்க என்ன இருந்துச்சு அண்ணி?"

"இனிமே ஒண்ணும் இல்ல."

"ஓடவிட்டுப் பாக்கலாமா?"

"மொதல்ல கேக்க வேண்டியவன் நீ இல்ல தம்பி."

சுற்றி முடித்ததும் மெஷினைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். துளைக்காரன் வீட்டுக் கதவு, அவன் பெயர்த்தெறிந்த கதவு, இன்னும் கயிற்றால்தான் கட்டியிருந்தது.

"அவன் வெளிய நிக்கட்டும்," என்றான் துளைக்காரன்.

"நிக்கட்டும்," என்றாள் அவள்.

கதவுக்கு வெளியே பஞ்சர் உட்கார்ந்தான். துளைக்காரன் நல்ல காதை மெஷின் பக்கம் திருப்பினான். நாடாவில் மருத்துவர் மூச்சை இழுக்கச் சொன்னார். மூச்சு சீறியது. பிறகு, செத்துப்போன கிழவர் அறை அதிரக் கத்தினார்.

"தாழ் போட்டது நாந்தான்யா! மேஸ்திரிதான் அவன உள்ள கூட்டிட்டுப் போனாரு. மருந்துப் பெட்டியெல்லாம் நனைஞ்சிருக்கு, உங்க ஆளுங்க மேல பழி வரும், வந்து உன் கண்ணால பாருன்னாரு. இவன் நம்பிப் போனான். மேஸ்திரி வெளிய வந்து, தாழப் போடு, நாலு மணி நேரம் கெடந்தா கொடியச் சுருட்டிடுவான்னாரு. போட்டேன். உள்ளேருந்து கூப்பிட்டான்யா. 'டேய், தாழ் தானா விழுந்துடுச்சு போல, தொறடா'ன்னு. சிரிச்சுக்கிட்டே கூப்பிட்டான். நான் போட்டிருப்பேன்னு அவனுக்குத் தோணவே இல்ல. அப்புறம் பின்பக்கம் புகை... நான் தாழக் கிட்டப் போறதுக்குள்ள..."

அங்கே நாடா ஊமையாயிற்று. பூட்சின் தடம். கரகரவென்று ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. அதன் பிறகு மருத்துவரின் குரல், "தண்ணி குடிங்க," என்றது. அவ்வளவுதான்.

"நடுவுல என்ன?" என்றான் துளைக்காரன். "நடுவுல என்ன சொன்னாரு?"

காதுக்காரி வாழ்நாளில் முதல்முறையாக, கேட்டதைத் திருப்பிச் சொன்னாள். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். துளைக்காரன் முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டான். கதவுக்கு வெளியேயும் ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க சொன்னா ஊரு நம்பாது அண்ணி," என்றான் துளைக்காரன் கடைசியில். "நாடாவுல இல்ல. அந்த எடத்துலதான் இல்ல."

வெளியே பஞ்சர் எழுந்து நின்றான். "என் கடையில ஸ்பீக்கர் இருக்கு," என்றான்.

மறுநாள் வேலை மாறும் சங்கு ஊதியபோது, மலையிலிருந்து இறங்கியவர்களும் ஏறப் போனவர்களும் எரிந்த டயர்க் கரி இன்னும் போகாத அந்தக் கடையின் முன்னால் ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள். லாரிகள் நின்றன.

"என்னடா பஞ்சரு, பாட்டு போடுவேன்னு பாத்தா யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடறாங்க! ஆஸ்பத்திரி ஆரம்பிச்சிட்டியா?" என்றான் ஒருவன். சிலர் சிரித்தார்கள்.

"தாழ் போட்டது நாந்தான்யா!" என்றது ஒலிபெருக்கி.

சிரிப்பு அறுந்தது. லாரியின் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. துளைக்காரன் ஒரு டயரின் மேல், நல்ல காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேஸ்திரி வந்தார். தாழ் விழுந்தது. உள்ளிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். புகை எழுந்தது. நாடா ஊமையாயிற்று.

பஞ்சர் வாயைத் திறந்தான்.

"அவன் திருடப் போகல," என்றான். குரல் உடைந்தது. கல்லுடைக்கும் ஆலையின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது.

"கேக்கலடா!" என்றார்கள் பின்னால்.

அவன் டயர் அடுக்கின் மேல் ஏறினான். எல்லார் முகமும் தெரிந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

"இந்த எடத்துல எங்கப்பா பேசுன பேச்ச நான் மிதிச்சு அழிச்சிட்டேன். அதனால அவர் சொன்னத அவர் சொன்ன மாதிரியே நான் சொல்றேன். அவன் திருடப் போகல! திருடன்னு சொல்லச் சொன்னாரு மேஸ்திரி, நான் சொன்னேன்! பொய் சொன்னேன்! அவன் புள்ள என்னைப் பெரியப்பான்னு கூப்பிடறான்!"

அடுத்த லாரி வந்து நின்றது. அதிலிருந்தவர்கள் என்ன கூட்டம் என்று கேட்டபடி இறங்கினார்கள். பஞ்சர் கீழே இறங்கி, நாடாவைப் பின்னால் ஓட்டி, மூச்சிலிருந்து மறுபடி தொடங்கினான். டயர் அடுக்கின் மேல் மறுபடி ஏறி நின்று, தன் இடம் வருவதற்காகக் காத்திருந்தான்.